பேட்டரிக்காக ஒரு சவாரி

"சாயங்காலம் ஒருத்தர் வண்டியைப் பார்க்க வரார் மாமா. பேரம் படிஞ்சா கையோட கொடுத்துடலாம்."

மருமகள் சொன்னதும், மாமனார் கையிலிருந்த பழைய டூத் பிரஷ் அப்படியே நின்றது.

காரின் பின் சீட் ஓரத்தில், பேட்டரிக்குக் காற்றுப் போக ஒரு வலை இருக்கிறது. அதில் தூசு அடைத்தால் பேட்டரி சூடாகிக் கெட்டுப்போகும் என்று மெக்கானிக் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் அதைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். சொந்தப் பல்லைக்கூட மனுஷர் இவ்வளவு அக்கறையாகத் தேய்த்ததில்லை.

"வித்துட்டா தபால்காரர் கால் வைத்தியத்துக்கு எப்படிம்மா போவார்?"

"அவர் போறதுக்கா மாமா நாம கார் வச்சிருக்கோம்?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார் அது. பல கை மாறி இவர்களிடம் வந்தபோதே அதற்கு வயசாகிவிட்டது. கணவன் ஆபீஸ் பஸ்ஸில் போகிறான். அவளுக்கு ஸ்கூட்டர். கார் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி செத்துடும். தினமும் கொஞ்ச தூரமாவது ஓட்டுங்க" என்றார் மெக்கானிக்.

அந்தச் செய்தி எப்படித்தான் காதில் விழுந்ததோ, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு தபால்காரர் மாமனார் முன்னால் வந்து நின்றார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர். "பேட்டரிக்காக எப்படியும் ஓட்டத்தானே போறீங்க? என்னை பிசியோதெரபிக்குக் கொண்டுபோய் விடுங்களேன்."

அன்று தொற்றிக்கொண்டவர்தான். தினமும் முன் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொள்வார். ஏசியைக் குறைங்க, ரேடியோவை மாத்துங்க என்று அதிகாரம் வேறு.

"ஓசி சவாரிக்கும் ஒரு அளவு வேண்டாமா மாமா? அந்த மனுஷர் உங்களை டிரைவராவே ஆக்கிட்டார்."

"பாவம்மா அவர்."

"நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. நானே போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"வேண்டாம்மா, நீ போகாதே" என்று அவர் எழுந்திருப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.

தபால்காரர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, பரணிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டி கைக்கு வந்ததும் தொப்பென்று தரையில் குதித்தார்.

திரும்பினார். அவளைப் பார்த்ததும் கை தானாக முழங்காலுக்குப் போனது.

"அப்பாடா, என்னா வலி..."

"நடிக்காதீங்க சார். கால் எப்போ சரியாச்சு?"

தபால்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். "ரொம்ப நாளாச்சும்மா."

"அப்போ தினமும் அங்கே போய் என்னதான் பண்றீங்க?"

"உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். முடிச்சதும் வெளியே வந்துடுவேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க மாமா வெயில்ல வண்டியில காத்துக்கிடக்கார். உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க மாமியார் போனப்புறம், இந்தச் சவாரி ஆரம்பிக்கிற வரைக்கும் அந்த மனுஷர் ரூமை விட்டு வெளியே வந்தாராம்மா?"

மூடிய கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, தொடாத தட்டையே திரும்ப எடுத்து வந்தவள் அவள்தான்.

"கால் சரியாயிடுச்சு, இனிமே வரலைன்னு சொல்லத்தான் ஒரு நாள் வந்தேன். மனுஷர் ஷேவ் பண்ணி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாவியோட வாசல்ல நிக்கறார். சொல்ல வந்ததை முழுங்கிட்டேன். நான் வரலைன்னா அவர் மறுபடியும் ரூமுக்குள்ளே போய்ப் படுத்துடுவார்னு பயமா இருந்தது. நீ வேணா என்னைத் திட்டிக்கோ. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. ஏமாத்திட்டேன்னு நினைச்சா மனசு விட்டுப்போயிடும்."

அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனக்குத் தோன்றாதது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது.

வரும் வழியிலேயே போன் போட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

மாமனார் வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். "சண்டை போட்டியாம்மா?"

"இல்லை மாமா." அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "அவருக்கு இன்னும் கால் சரியாகலை போல இருக்கு. நொண்டிக்கிட்டுத்தான் நடக்கறார். வண்டி இருக்கட்டும். நீங்களே கூட்டிட்டுப் போங்க."

மாமனார் மெல்லச் சிரித்தார்.

"உன்னையும் கூட்டுச் சேர்த்துட்டாராக்கும்? அவர் காலுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா."

"மாமா..."

"ஒரு நாள் நான் தனியா பெட்ரோல் போட்டுட்டு நம்ம தெருவுக்குத் திரும்பி வரேன். பேட்டரியில மெதுவாப் போறப்போ இந்த வண்டி சத்தமே போடாது. பின்னாடி நான் வரது அவருக்குத் தெரியலை. ஆட்டோவுல குடையை மறந்துட்டு இறங்கியிருப்பார் போல, அந்த ஆட்டோவைத் துரத்திக்கிட்டு அப்படி ஒரு ஓட்டம் ஓடறார்."

"தெரிஞ்சுமா தினமும் கூட்டிட்டுப் போறீங்க?"

"அவர் வீட்டுல பேச்சுத் துணைக்கு யார்ம்மா இருக்கா? குட்டு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் நம்ம வண்டியில ஏறவே மாட்டார், ரோஷக்காரர். அதனாலதான் தினமும் கைத்தாங்கலாப் பிடிச்சு ஏத்தி விடறேன்."