வெளி மாநிலத்தவருக்கு மட்டும்

கொரோனா முடியும்வரை திருவான்மியூரில் வாடகைக்கு இருக்கும் பீகார் தொழிலாளர்களை வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று உயர்நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தாள் வக்கீல் ஷண்முகப்ரியா.

மேற்கு மாம்பலத்தில் அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கோதண்டபாணி மாடியிலிருந்து இறங்கி வந்து பாராட்டினார்.

"டிவில பாத்தேம்மா. பிரமாதம். பொழைக்க வந்த ஏழைங்களைத் தெருவுல தள்ளலாமா? மனசாட்சியே இல்லாத ஓனருங்க."

"தேங்க்ஸ் சார்."

"அவங்களை நேர்ல பாத்தியா?"

"தினமும் போனேன் சார். அவங்க ரூம்ல உக்காந்துதான் மனுவே எழுதினேன்."

கோதண்டபாணி மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு மெல்லப் பின்வாங்கினார்.

"அப்போ நாளைக்கே காலி பண்ணிடும்மா. எனக்கு சுகர் இருக்கு."

"சார், கோர்ட் ஆர்டர்..."

"படிச்சேம்மா. அது வெளி மாநிலத்துக்காரங்களுக்குத்தானே? நீ திண்டுக்கல்."

வீடு தேடி அலைந்தாள். கோர்ட், கேஸ் என்றதும் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. மறுநாள் மாலை பெட்டியோடு திருவான்மியூர் போய் நின்றாள்.

கட்டட வேலை செய்யும் சுனிதா தேவி பிள்ளைகளை நகர்த்திப் படுக்கவைத்துப் பாய் விரித்தாள்.

"இங்கே இரு அக்கா. இங்கே யாரும் வெளியே போ சொல்ல முடியாது. கோர்ட் சொல்லியாச்சு."