ஞாயிறு நாலு பத்து

மணி நாலு பத்து. ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் பாட்டியிடம் பேசிய அதே நேரத்தில், பாட்டியைப் பற்றிப் பேச எழுந்தான் பேரன்.

முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு அறை. ஒருவர் போய்விட்டால், அடுத்து வரும் ஞாயிறு தேநீர் வேளையில் வீட்டார் நாலு வார்த்தை சொல்வது அங்கே வழக்கம். இருபது பேர் டம்ளரோடு காத்திருந்தார்கள்.

அடக்கம் வெள்ளியன்றே முடிந்துவிட்டது. பேரனின் விமானம் சனிக்கிழமைதான் இறங்கியது. அத்தை வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. மூன்று வருஷமாக இருவரில் ஒருவரும் இந்தப் படி ஏறியதில்லை.

“சுருக்கமா சொல்லுடா. எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க,” என்றாள் அத்தை.

“பாக்கட்டும். உங்களை மாதிரி நான் சும்மா இருந்தேனா? வாராவாரம் பேசினேன்.”

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் தொடங்கினான். தொண்ணூற்று மூன்று வயது. முப்பது வருஷம் தையல் கடையில் காஜா எடுத்தவள். தாயில்லாத அவனை ஐந்து வயதிலிருந்து வளர்த்தவள். பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்தால் கழற்ற விடமாட்டாள், உடம்பில் இருக்கும்போதே தைப்பாள்.

“‘அசைஞ்சே, தொப்புளையும் சேத்துத் தெச்சிடுவேன்’பாங்க.”

சிரிப்பு எழுந்தது. அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“என்னால வர முடியலை. தப்புதான். ஆனா ஒரு ஞாயிறுகூட ஃபோன் பண்ணாம இருந்ததில்லை.”

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அந்த வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடிதான் பேசுவான். பாதி காதில் விழாது. அதை அவன் சொல்லவில்லை.

“பாட்டியப் பத்தி யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன். இருபது வயசுல அவங்க லாரி ஓட்டியிருக்காங்க. வீட்டுல சம்பாதிக்கிற ஆளு கால் உடைஞ்சு கிடந்தப்ப, மூணு மாசம் செங்கல் லோடு அடிச்சிருக்காங்க.”

அத்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எங்கம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேடா.”

“கேட்டாத்தானே சொல்லுவாங்க? நான் கேட்டேன்.”

பேசி முடித்தான். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் டம்ளரைப் பார்த்தார்கள். வார்டன் ஜன்னலைப் பார்த்தார்.

ஓரத்து மேசையிலிருந்து ஒரு கிழவி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாட்டிக்குப் பக்கத்துக் கட்டில். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லா பேசினே கண்ணா.”

கும்பிடத் தூக்கிய கை பாதியில் நின்றது. அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். போன ஞாயிறுகூட ஃபோனில் கேட்டிருந்தான்.

“ரெண்டு வருஷம் முன்னால அவளுக்குக் காது சுத்தமா போயிடுச்சுப்பா. ‘சொல்லாதே, தெரிஞ்சா கூப்பிடறதை நிறுத்திடுவான், நான் பேசற மாதிரி நீயே பேசு’ன்னா. பேசினேன். அவ பக்கத்துல உக்காந்து என் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பா.”

“அப்ப அந்த லாரி...” என்றாள் அத்தை.

“அவ கதையெல்லாம் தீந்துபோச்சு. இவன் விடாம ‘அப்புறம், அப்புறம்’னான். என் கதையை எடுத்து விட்டேன்.”

அவன் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தான். யாரோ டம்ளரை நகர்த்தி இடம் விட்டார்கள்.

“நான் ஃபோனை வெச்சதும் அவ ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. ‘கண்டுபிடிச்சிட்டானா?’ம்பா. இல்லைன்னு தலையாட்டுவேன். ‘நல்லதாப் போச்சு’ன்னுட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா.”

கிழவி வாக்கரைப் பிடித்தபடி குனிந்து, அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்:

“நெசமாவே ஒரு நாள்கூடவா உனக்குச் சந்தேகம் வரலை?”