அத்தைக்குச் சொன்னது அப்பெண்டிக்ஸ்

ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை பால்கோவாவோடு வந்திருக்கிறாள். என் குடலை வெட்டி, மலம் வந்து விழ வயிற்றில் ஒட்டிய பை போர்வைக்கு அடியில் இருக்கிறது. ஆயுசுக்கும் இப்படித்தானாம். அத்தைக்கு அப்பெண்டிக்ஸ் என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவள் மகள் நாகஜோதியை எனக்குப் பேசிவைத்திருக்கிறது. "ஏலே, எம்புட்டு மெலிஞ்சுட்ட! ஒரு வாய் தின்னு." அந்நேரம் பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பை நீளமாகச் சத்தம் விடுகிறது. அத்தையின் கை பால்கோவாவோடு அந்தரத்தில் நிற்கிறது. அம்மா தலை குனிந்துகொண்டு, "எனக்குத்தான் வாயு, மதினி" என்கிறாள். "வாழைக்கா திங்காதீகன்னா கேக்குறீகளா!" அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆவணியில தேதி குறிச்சிருவமாய்யா?" என்கிறாள். பை சூடாக நிறைகிறது. இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டு தலையாட்டுகிறேன்.