சுருள் சிவக்கும்வரை

மார்கழிச் சாரல் கோழிக் கொட்டகையின் சாக்குப் படுதாவைப் பிடித்து உலுக்குகிறது. மதியம்வரை எரிந்த ஹீட்டரை இறக்கி, மடியில் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றுகிறான் கொளஞ்சியப்பன். பிளக் பாயிண்டில் டெஸ்டர் எரிகிறது. ஹீட்டரின் கம்பிச்சுருள்தான் சிவக்க மறுக்கிறது. தகரத் தடுப்புக்குள், பண்ருட்டியில் வாங்கிவந்த குஞ்சுகள் குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிகின்றன. அடியிலிருப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடுமே என்று அவன் மனைவி எழிலரசி இரண்டு கைகளாலும் குவியலைக் கலைக்கிறாள். கையை எடுத்ததும் மறுபடி ஏறிக்கொள்கின்றன. “சீக்கிரம் மாமா. கத்தறதுகூட கொறஞ்சி போச்சு.” மூடி திறக்கிறது. உள்ளே வயர் மாட்டும் இடத்தில் வழிந்திருந்த சுண்ணாம்பு, சாரல் ஈரத்தில் ஊறிக் கட்டிப்போயிருக்கிறது. குஞ்சு இறக்குவதற்கு முன் கொட்டகைக்கு வெள்ளையடித்தவள் அவள்தான். ஹீட்டரை இறக்கிவைக்க மறந்தவளும் அவளே. தலை நிமிராமல் குவியலைக் கலைத்துக்கொண்டே இருக்கிறாள். “கொட்டாய்க்கு அடிடீன்னா இதுக்கும் சேத்து அடிச்சியா? ஒரு பொட்டும் வச்சிருக்கலாம்ல.” கேலியாகத்தான் சொல்கிறான், பிளேடால் சுண்ணாம்பைச் சுரண்டும் வேகம் மட்டும் குறையவில்லை. வயரை முறுக்கி இறுக்கி, ஹீட்டரை மேலே மாட்டி, சுவிட்சைத் தட்டுகிறான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுருளின் ஓரத்தில் மங்கலாய் ஒரு சிவப்பு தோன்றி, முழுவதும் பரவுகிறது. இருவரும் குவியலையே பார்க்கிறார்கள். மேலிருந்த குஞ்சுகள் இறங்கி வெப்பத்தின் அடியில் பரவ, கடைசியில் ஒன்று மட்டும் சப்பையாய்க் கிடக்கிறது. எழிலரசி கை நீட்டப்போக, அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். “இரு.” சிறகு ஒருமுறை துடிக்கிறது. கால் ஊன்றுகிறது. விழுந்து எழுந்து, தள்ளாடிக்கொண்டே மற்றவற்றின் நடுவே போய் நுழைகிறது. அவள் அப்போதுதான் மூச்சுவிடுகிறாள். அவன் பிடி இன்னும் தளரவில்லை.