சுருளியாண்டிக்கு வயது பத்தொன்பது

சுருளியாண்டிக்கு வயது பத்தொன்பது. திராட்சை விவசாயத்தில் அனுபவம் நாற்பத்தொரு வருடம். பேரப்பிள்ளைகள் ஐந்து.

தேர்வாளர் தங்கப்பாண்டியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். அப்படியேதான் இருந்தது.

எதிரே நின்ற பெனிஷா, எம்.எஸ்ஸி. புள்ளியியல் கடைசி வருடம். கம்பம் பள்ளத்தாக்கில் முந்நூறு திராட்சை விவசாயிகளை நேரில் பார்த்து, அடுத்த வருடமும் திராட்சையைத் தொடர்வார்களா, வாழைக்கு மாறுவார்களா, நிலத்தை விற்பார்களா என்று விசாரித்ததாக அவளுடைய ஆய்வேடு சொன்னது.

அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. முந்நூறு பேரும் கம்ப்யூட்டர் பெற்றெடுத்த பிள்ளைகள்.

அதற்குச் சாட்சியும் அவளே. எழுதிய புரோகிராமைக் கடைசியில் இணைக்க வேண்டும் என்று துறையில் சொன்னதைத் தட்டாமல், சமர்த்தாக இணைத்திருந்தாள்.

நூறு சீட்டில் அறுபத்திரண்டு 'தொடர்வார்', இருபத்தேழு 'மாறுவார்', பதினொன்று 'விற்பார்' என்று வைத்து, ஆளுக்கொன்று குலுக்கி எடு. ஒரே வரியில் உத்தரவு. வயதுக்குத் தனிக் குலுக்கல், அனுபவத்துக்குத் தனிக் குலுக்கல், பேரப்பிள்ளைகளுக்கும் தனிக் குலுக்கல். பாவம் சுருளியாண்டி.

தங்கப்பாண்டியனுக்குக் கோபம் தலைக்கேறியது. களப்பணியில் நேர்மை வேண்டும் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுகிறவர் அவர். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார்.

பெனிஷாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி பட்டத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"இந்த அறுபத்திரெண்டு, இருபத்தேழு, பதினொண்ணு எங்கம்மா கிடைச்சது? அதுவும் வாய்க்கு வந்ததா?"

"இல்ல சார். உங்க பிஎச்.டி. தீசிஸ்ல நாலாவது அத்தியாயத்துல இருந்துதான் எடுத்தேன். கம்பம் பக்கத்துக்கு அதைவிட நம்பிக்கையான கணக்கு கிடையாதுன்னு எங்க கைடு மேடம் சொன்னாக."

தங்கப்பாண்டியன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார்.

பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, வயதையும் அனுபவத்தையும் மட்டும் ஒத்துப்போகிற மாதிரி திருத்திக் கொண்டுவரச் சொன்னார். பச்சை மையில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? கம்பத்து லாட்ஜில் அடைமழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டித்தான் தன் ஆய்வின் முந்நூறு படிவத்தையும் நிரப்பியிருந்தார்.