ஐந்தாவது சூடு

குளிர்சாதனம் இயந்திரங்களுக்கு மட்டும்தான் என்று சட்டம் வந்து இது மூன்றாவது கத்திரி வெயில். கௌசல்யா தன் படுக்கையறையைக் கம்ப்யூட்டர் சர்வர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். உள்ளே ஆள் தங்கினால் ஒப்பந்தம் ரத்து. நாளை வரப்போகும் நான்கு சர்வர்களுக்குப் பதிலாக நான்கு ஹீட்டர்களை அறையில் ஓடவிட்டு, குளிர் நிற்கிறதா என்று கூடத்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான் இன்ஜினியர் இர்ஃபான்.

"அக்கா, கணக்கு இடிக்குதே. நாலு ஹீட்டர்தான் போட்டேன். அஞ்சாவதா ஏதோ ஒண்ணு சூடு விடுது."

"வெயில் அப்படி, தம்பி." அவள் அறைக் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"சரி, அத அப்புறம் பாப்போம். இப்ப தீயணைக்கிற கேஸைத் திறந்து பாத்துடறேன். உள்ள யாரும் இல்லையே? மூச்சு முட்டிரும்."

அவன் விரல் பொத்தானுக்குப் போனது.

"தொடாதீங்க!" கௌசல்யா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் வண்டிக்குப் போயிருந்த நேரத்தில் சர்வர் அடுக்கும் ரேக்குக்குப் பின்னால் அவள் கட்டிய சேலைத் தொட்டிலில், ஒரு வயது மகள் படுத்திருந்தாள். ஒரு மாதமாக வேர்க்குருவைச் சொறிந்து சொறிந்து அழுத பிள்ளை, வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

இர்ஃபான் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்றான். திட்டப்போகிறான் என்று அவள் குழந்தையை அணைத்துக்கொண்டாள். அவன் உள்ளே வந்து ஒரு ஹீட்டரை அணைத்தான்.

"இந்த ரூம் மூணு சர்வர்தான் தாங்கும்னு எழுதிடறேன்."

போகாமல், அடுத்த ஹீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா... ரெண்டுதான் தாங்கும்னு எழுதினா, எம் பாப்பாவையும் கொண்டாந்து படுக்க வைக்கலாமா?"