பதினோராவது உறை

"பத்துதான் இருக்கு. நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார் விமான நிலைய ஸ்டோர்காரர்.

மெக்கானிக் எண்ணினார். 'பறக்கும் முன் கழற்றவும்' என்று வெள்ளை எழுத்து ஓடும் சிவப்புத் துணி உறைகள், பத்தே பத்து. தொற்றுக் காலத்தில் பத்து மாதம் ஓரமாய் நின்ற விமானத்துக்குள் தூசியும் பூச்சியும் புகாமலிருக்க அவர் மாட்டியவை பதினொன்று. நேற்று மாலை அவற்றைக் கழற்றி, கை கொள்ளாமல் சாப்பாட்டுப் பையிலும் திணித்து, இந்த மேசையில் கொட்டிவிட்டுப் போனவரும் அவரேதான்.

"எல்லாத்தையும் கழட்டினீங்களா?"

"கழட்டினேன். கழட்டினதா ஞாபகம்."

சொன்ன பிறகு, மெக்கானிக் அந்தப் பத்தையும் மறுபடி எண்ணினார்.

கண்ணாடிக்கு வெளியே விமானம் ஓடுபாதையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. உள்ளே நூற்று நாற்பது பேர். அதன் மூக்கருகே விரல் தடிமனில் ஒரு குழாய் உண்டு. அதில் காற்று புகுந்தால்தான் விமானிக்கு வேகம் தெரியும். உறை அங்கேயே கிடந்தால், மேலே போனதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

"கிளம்புறதுக்கு முன்னாடி கேப்டன் சுத்தி வந்து பார்த்திருப்பாரே?" என்றார் ஸ்டோர்காரர்.

"அவரும் பத்து மாசமா வீட்ல காய் நறுக்கிட்டு இருந்தவர்தானே?"

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, புது மாஸ்க் சரியா இருக்கா? ரெண்டு அடுக்கு இருந்தாத்தான் உள்ள விடுவாங்கன்னு சொன்னீங்களேன்னு ராத்திரியே தச்சு வச்சேன். காலையில வாரிச் சுருட்டிட்டு ஓடுனீங்க, கேக்கக்கூட முடியல."

"மூச்சு முட்டுது. போனை வை."

ஸ்டோர்காரர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் செய்யுங்க. போன மாசம்தான் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. ஒண்ணுமில்லாததுக்கு ஃப்ளைட்டை நிறுத்தினா, அடுத்த ஆள் நீங்கதான்."

மெக்கானிக் மேசைமேல் இருந்த போனை எடுத்தார். இந்த வயதில் வெளியே போனால் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? நிறுத்தாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால்?

"கண்ட்ரோல் டவரா? அந்த ஃப்ளைட்டை நிறுத்துங்க."

விமானம் நின்றது. ஏணி வந்தது. மெக்கானிக் ஏறிப் பார்த்தார். குழாய் திறந்திருந்தது. மற்றப் பத்து இடங்களிலும் ஒன்றுமில்லை.

ஜீப்பில் வந்து இறங்கிய மேலாளர் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"கழட்டியாச்சுன்னா உறை எங்கய்யா?"

"தெரியல சார்."

"தெரியலயா? இன்ஜினுக்குள்ள போயிருந்தா? அது கைக்கு வர்ற வரைக்கும் இந்த விமானம் நகரக் கூடாது. விதி தெரியும்ல? எல்லாரையும் இறக்குங்க, இன்ஜினைத் திறங்க. சாயந்திரம் நீ என் ரூமுக்கு வா."

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். நான்கு பேர் இன்ஜினைத் திறந்து டார்ச் அடித்துத் தேடினார்கள். இரண்டு மணி நேரம் போயிற்று. மெக்கானிக் வெயிலில் தரையோடு தரையாகத் தவழ்ந்து தேடினார். வேலை போனது போனதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

கேப்டன் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "சந்தேகம்னு வந்தா நிறுத்தினது சரிதான். நானே மேலாளர்கிட்ட பேசறேன். முதல்ல அந்த மாஸ்க்கைக் கழட்டிட்டுத் தண்ணி குடிங்க."

மெக்கானிக் மாஸ்க்கை ஒரு காதிலிருந்து விடுவித்தார். அது புரண்டு இன்னொரு காதில் தொங்கியது. கேப்டனின் பார்வை அதிலேயே நின்றுவிட்டது.

நீலத் துணிக்கு உட்புறம், இவ்வளவு நேரம் அவர் மூக்கை உரசிக்கொண்டிருந்த இடத்தில், சிவப்பில் வெள்ளையாக மூன்று வார்த்தைகள்: 'பறக்கும் முன் கழற்றவும்'.